கினுயோவின் மரியாதைப் பேச்சு

எங்கள் மலையூர் யாமனாகாவில் மனைவி கத்தினால் எந்தப் புருஷனும் பயப்படமாட்டான். தட்டை எறிந்தால்கூடக் கொஞ்சம் குனிந்துகொள்வான், அவ்வளவுதான். ஆனால் கட்டினவள் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாளோ, அவனுக்கு அடிவயிறு கலங்கிவிடும். "தாங்கள் உணவருந்த வரலாம்" என்று பெண்டாட்டி சொல்கிற வீட்டில் சோறு தொண்டையில் இறங்குமா? மிதானி கினுயோ அந்த வருஷம் வசந்தத்தில் தொடங்கி மழைக்காலம் முழுக்க, அது முடிந்த பிறகும்கூட, தன் புருஷனிடம் அப்படித்தான் பேசினாள். தலையை லேசாகக் குனிந்து, மெதுவாக, பெரிய விடுதி வாசலில் விருந்தாளிகளை வரவேற்கிற பெண்கள் பேசுவார்களே, அந்தக் குரலில் பேசினாள்.

அவள் அப்படிப் பேசுகிற ஜாதியே கிடையாது. கீழே கடலோரத்தில் ஹாஷிதாதே என்கிற மீன்பிடி ஊரில் பிறந்தவள். அங்கே குழந்தைகள் அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியேதான் பேசப் பழகும். கல்யாணமாகி இந்த மலையூருக்கு வந்த புதிதில், ஷிகேஜி வீட்டில் இன்றைக்குக் கானாங்கெளுத்தியா முள்ளங்கியா என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும். மாமியார் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கினுயோ கவலையே படமாட்டாள். நான் என்ன திருட்டா பண்றேன், கேக்கட்டுமே என்பாள்.

அவள் புருஷன் ஷிகேஜி மரத்தில் கிண்ணம் கடைகிற கடைசல்காரர். எங்கள் ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை, தெருவுக்கு நாலு வீட்டில் கடைசல் எந்திரம் உறுமிக்கொண்டிருக்கும். ஆனால் ஷிகேஜியின் சின்னக் கிண்ணங்களுக்குத் தனிப் பெயர் உண்டு. சன்னலுக்கு எதிரே பிடித்தால் வெளிப்பக்கம் வைத்த விரலின் நிழல் உள்பக்கம் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அவர் கடைந்து முடித்ததும் கிண்ணம் பின்னால் போகும். பின்னால் என்றால் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் கினுயோவிடம். அவளிடம் ஒரு சின்ன எந்திரம். கிண்ணத்தை அதில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளால் தேய்ப்பாள். முதலில் முரட்டுத் தாள், பிறகு நைசு, பிறகு இன்னும் நைசு. அதற்கப்புறம் அரக்குப்பாலைத் துணியில் தொட்டுப் பூசித் துடைப்பது, காயவைப்பது, மறுபடி பூசுவது. வந்த முதல் வருஷம் அவள் கெடுத்த கிண்ணங்களிலேயே வீட்டு அடுப்பு எரிந்தது. இப்போது விரல் நுனியை உள்ளே ஒரு சுற்று விட்டால் போதும், எங்கே தாள் தேவை என்று தெரிந்துவிடும். அந்த விரல்களில் ரேகையே கிடையாது. கைபேசி அவள் விரலைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. கானாசாவாவில் இருக்கிற மகள் வந்து எண்களைப் போட்டுத் திறக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

ஓமோரி என்கிற மொத்த வியாபாரி வசந்தத்தில் ஒருநாள் தோக்கியோவிலிருந்து ஒரு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்தவர் ஒரு கிண்ணத்தை எடுத்தார், சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். "மெல்லிசா கடைஞ்சதைச் சொல்லவே வேண்டாம். ஆனா இந்த வழவழப்பு இருக்கே, இதை யாருங்க பண்ணினது?" என்று கேட்டார். கினுயோ தேநீர்த் தட்டோடு அப்போதுதான் உள்ளே வந்தாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் ஷிகேஜி. "எங்க வீட்டுக்காரி பண்றது. சும்மா தேய்க்கிறதுதான். யாரு வேணா செய்யலாம்."

வெளியாள் முன்னால் சொந்த மனிதர்களை மட்டம் தட்டிப் பேசுவது எங்களுக்குப் பண்பாடு. பிள்ளையைப் பாராட்டினால் "அது ஒரு மண்டூகம்" என்போம். கை ஒடியச் சமைத்துவிட்டு "வாயில வைக்க விளங்காது, மன்னிச்சுக்கணும்" என்போம். இதெல்லாம் கினுயோவுக்குத் தெரியாதா என்ன? "ஒண்ணுமில்லீங்க" வரைக்கும் அவளும் புன்னகையோடுதான் நின்றாள். "யாரு வேணா செய்யலாம்" என்றதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தோக்கியோக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவளால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பொதுக் குளியலுக்குக் கிளம்புகிற நேரம் அவள் துண்டை மடித்து நீட்டினாள். "தாங்கள் முன்னால் சென்று நீராடி வரலாம்" என்றாள். ஷிகேஜி விளையாட்டு என்று நினைத்து ஓஹோ என்று சிரித்தார். மறுநாள் காலையும் அதே மாதிரி பேசினாள். அதற்கடுத்த நாள் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னடி இது? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"தாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஊறுகாய் இன்னும் சிறிது வைக்கட்டுமா?"

அவருக்கும் வீம்பு. மன்னிப்புக் கேட்கிற வாயா அது? தலைமுறை தலைமுறையாக மரத்தோடு பேசின குடும்பம். கொஞ்ச நாளில் அவர் பதில் சொல்வதையும் விட்டுவிட்டார். கினுயோ "தேநீர் ஆறிவிடும்" என்பாள். அவர் காதில் விழாதது போல எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "பாரு, பதில் சொல்லக்கூட மனசில்லை" என்று அவளுக்குக் கோபம் இன்னும் ஒரு படி ஏறும். அடுத்த முறை குரலை இன்னும் மென்மையாக்குவாள், இன்னும் மரியாதையாகப் பேசுவாள். ஒரே பட்டறையில் ஒருவர் முதுகுக்கு ஒருவர் உட்கார்ந்துகொண்டே இரண்டு பேரும் ஆளுக்கொரு மலையில் இருந்தார்கள்.

மழைக்காலம் பிறந்ததும் கிண்ணங்கள் ஓட்டையாக ஆரம்பித்தன.

மெல்லிசுக் கடைசலில் கண்ணை நம்ப முடியாது. கிண்ணம் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவரின் கனம் எப்படித் தெரியும்? சத்தம்தான் சொல்லும். சுவர் தடிமனாக இருக்கும்போது உளி அடித்தொண்டையில் முனகும். மெலிய மெலியக் குரல் மேலே ஏறும். ஒரு இடத்தில் அது குழந்தை சிணுங்குவது போல ஆகும், அங்கே கையை எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தால் உளி அந்தப் பக்கம் வந்துவிடும். ஷிகேஜிக்கு அந்த இடம் தவறியதே இல்லை. இப்போது தவறியது. கினுயோ முதுகுக்குப் பின்னால் 'சட்'டென்று ஒரு ஓசை கேட்கும். பிறகு எந்திரம் நிற்கும். பிறகு அவர் எழுந்துபோய், கிழிந்த கிண்ணத்தை அடுப்புக்கான சீவல் மூட்டையில் போட்டுவிட்டு வருவார்.

முதல் கிண்ணத்துக்கு மரத்தைத் திட்டினார், ஈரம் வாங்கிவிட்டதாம். அடுத்ததற்கு உளியைத் திட்டினார். எங்கள் ஊர்க் கடைசல்காரர்கள் உளியைத் தாங்களே அடித்துக்கொள்வார்கள் என்பதால், கொல்லையில் உலையை மூட்டிப் புதிதாக அடித்துத் தீட்டினார். புது உளியும் கிழித்தது. அதன்பின் அவர் யாரையும் திட்டவில்லை. கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கினுயோவுக்கு வாய் வரை வந்தது, என்னாச்சுங்க என்று கேட்க. ஆனால் வீம்பு விடுமா? "ஏதேனும் சிரமமா?" என்று பஞ்சு போலக் கேட்டாள். அவர் திரும்பவேயில்லை. போகட்டும், எனக்கென்ன என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இலை பழுக்கிற பருவத்தில் ஓமோரி வந்தான். கினுயோ பக்கத்து அறையில் அரக்குத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். வியாபாரியின் குரல் எப்போதும் ஊர்க்கோடி வரை கேட்கும், அவன் பேசியது எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் அவளை உலுக்கியது புருஷனின் பதில்தான்.

"மெல்லிசு வேலை இனிமே வேண்டாம் தம்பி. முரட்டுக் கடைசல் இருந்தா குடு."

"அண்ணே! என்ன சொல்றீங்க? முரட்டுக் கடைசலா? நீங்களா?"

"நான்தான். ஏன், சோறு போடாதா அது?"

முரட்டுக் கடைசல் என்றால் மரத்துண்டைக் கிண்ணம் மாதிரி ஏதோ ஒரு வடிவத்துக்குத் தடிமனாக வெட்டிப்போடுவது. அது புகை அறைக்குப் போய் மாதக்கணக்கில் காயும், பிறகு வேறு யாரோ அதை எடுத்து ஒழுங்காகக் கடைவார்கள். அதில் தேய்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. பூசுவதற்கும் ஒன்றும் கிடையாது. கினுயோ கையில் துணியோடு அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்த இடம் அது. சின்ன எந்திரத்தின் முன்னால் போட்டிருக்கிற மெத்தை அவள் உடம்புக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்துகிடக்கிறது. அந்த இடத்திலிருந்து தன்னைக் கிளப்புகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். யாரு வேணா செய்யலாம் என்றார் அன்றைக்கு, யாருமே வேண்டாம் என்கிறார் இன்றைக்கு.

ஓமோரி விடவில்லை. "அண்ணே, இந்த செர்ரிக் கிண்ணம் ஒரு செட்டு மட்டும் முடிச்சுக் குடுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி. கெஞ்சிக் கேக்கறேன்" என்றான்.

"பார்க்கிறேன்" என்றார் ஷிகேஜி. அந்த 'பார்க்கிறேன்' என்பதில் உயிரே இல்லை.

அன்று குளியலில் கினுயோ கழுத்து வரை வெந்நீரில் அமிழ்ந்துகொண்டு பக்கத்து வீட்டு ஹரூயேவிடம் கொட்டித் தீர்த்தாள். ஹரூயே விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"போதும்க்கா உன் வீம்பு. அவர்கிட்ட பேசித் தொலையேன்."

"நான் பேசாமலா இருக்கேன்? மரியாதையா பேசிக்கிட்டுதானே இருக்கேன்!"

"அதைத்தான் சொல்றேன். எங்க விடுதியில இந்த மாதிரிப் பேசறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நீ ஓசியில பேசிக்கிட்டுத் திரியற. மனுஷன் பயந்துபோய்த்தான் எந்திரத்தை விட்டு ஓடறாரு."

"அவரா பயப்படுவாரு? ஒரு வார்த்தை பதில் சொல்லமாட்டேங்கறாரு ஹரூயே. நான் சொல்றது காதுலயே விழாத மாதிரி உக்காந்திருக்காரு."

சொன்னபோது அவளுக்கே ஒன்றும் உறைக்கவில்லை. ஹரூயேவுக்கும் உறைக்கவில்லை. இருவரும் ஆண்பிள்ளைகளின் திமிரைப் பற்றிப் பேசிவிட்டு, முகம் சிவக்க எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை கினுயோ மகளுக்கு ஒரு பார்சல் அனுப்பக் கிளம்பினாள். பாதி வழியில்தான் பணப்பையை மறந்தது ஞாபகம் வந்தது, தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். பட்டறைச் சன்னலைத் தாண்டும்போது எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா ஒரு பார்வை பார்த்தவள் நின்றுவிட்டாள்.

ஷிகேஜி வாயில் ஒரு மூங்கில் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். குச்சியின் மறுமுனை உளியைச் சாய்த்துவைக்கிற முட்டுக்கட்டையில் அழுந்தியிருந்தது. கண்ணை இறுக்க மூடி, தாடை நடுங்க, செர்ரிக் கட்டையில் உளியை வைத்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. குச்சி வழியாகப் பல்லுக்கு வருகிற அதிர்வை வைத்து, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்கிறார்! காதால் கேட்க வேண்டியதைப் பல்லால் கேட்கிறார்!

கினுயோ சன்னலுக்கு வெளியே நின்றபடி மெதுவாகக் கூப்பிட்டாள். ஏங்க. அவர் அசையவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அசையவில்லை. சன்னல் சட்டத்தைத் தட்டினாள். கண் மூடின மனிதர் அப்படியே இருந்தார். அந்த மாதங்களில் அவர் சொல்லாத பதில்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து அவள் மேல் விழுந்தன. திமிர் இல்லை, வீம்பு இல்லை. மனிதருக்குக் கேட்கவில்லை. தான் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திப் பேசப் பேச, அவருக்குக் கொஞ்ச நஞ்சம் கேட்டதும் கேட்காமல் போயிருக்கிறது.

அவளுக்கு மாமனார் ஞாபகம் வந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது முழுக்கப் போய்விட்டது. பட்டறை மூலையில் உட்கார்ந்து மரச்சுருள்களைக் கையில் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். எந்திரத்தைத் தொடவேயில்லை. அதுதான் இப்போது இவரையும் பிடித்திருக்கிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். ஷிகேஜியும் அப்படித்தான் முடிவுகட்டியிருக்கிறார், வேறெதற்கு முரட்டுக் கடைசல் கேட்டார்? தனியாக, யாரிடமும் சொல்லாமல், இத்தனை நாள் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. கடைசியில் ஆத்திரம்தான் முந்தியது. செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே போய் எந்திரத்தின் விசையைத் தட்டி நிறுத்தினாள்.

"யோவ் மனுஷா!" என்று கத்தினாள், ஹாஷிதாதேயில் படகைக் கூப்பிடுகிற குரலில். "காது கேக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க மாட்டியா? பல்லு உடைஞ்சா அதையும் நானா கட்டணும்?"

ஷிகேஜி குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது, பச்சைப் பிள்ளை முகம் மாதிரி.

"கேக்குது" என்றார். "இப்ப நீ பேசறது கேக்குது கினு."

"கத்தினா கேக்காதா! எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா. நீ பேசறதையே நிறுத்திட்டேன்னு நினைச்சேன். வாய் மட்டும் அசையும், ஒண்ணும் வராது. வேணும்னே சத்தம் இல்லாம வைய்யறன்னு நினைச்சேன்."

"நான் வையலை! தாங்கள் தாங்கள்னு உயிரை விட்டுக்கிட்டிருந்தேன்!"

அவர் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திடுச்சு. அவ்வளவுதான் விடு. செர்ரி முடியாதுன்னு ஓமோரிகிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"நீ என்ன டாக்டரா? எழுந்திரு" என்றாள் கினுயோ. "சட்டையை மாத்து."

கீழே ரயில் நிலையத்துப் பக்கம் காது டாக்டர் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள், அசானோ என்று பெயர். சின்ன வயது. பேருந்தில் போகும்போது கினுயோ மனசுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டாள். காது போனால் போகட்டும், வாழ்க்கை போய்விடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பள்ளம் விழுந்த அந்த மெத்தை கண் முன்னால் வந்து நின்றது. மரச்சுருளை எடுத்து எடுத்துப் போடுகிற கிழவர் கண் முன்னால் வந்து நின்றார். கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கியே அது அறுந்துவிடும் போலாகிவிட்டது.

டாக்டர் ஒரு காதில் விளக்கடித்துப் பார்த்தாள். அடுத்த காதையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ரொம்ப யோசனையாக, "ஐயா என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள். கினுயோவுக்கு உயிர் பாதி போய்விட்டது.

"கிண்ணம் கடையறாரு" என்றாள்.

"ம். கொஞ்சம் ஆடாம இருங்கய்யா."

என்னவோ சொட்டு விட்டாள், காத்திருக்கச் சொன்னாள், பிறகு ஒரு மெல்லிய குழாயும் இடுக்கியும் வைத்துப் பொறுமையாக வேலை செய்தாள். ஷிகேஜி நாற்காலிக் கையை நொறுக்கிவிடுவது போலப் பிடித்துக்கொண்டிருந்தார். இரும்புத் தட்டில் 'டிக்' என்று ஒன்று விழுந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பழுப்பாக, கெட்டியாக ஒரு கட்டி. அடுத்த காதிலிருந்தும் அதற்கு அண்ணன் ஒன்று வந்து விழுந்தது.

"இதுதான் அடைச்சுக்கிட்டிருந்தது" என்றாள் டாக்டர். "காது மெழுகும் மரத்தூளும் சேர்ந்து இறுகிப்போயிருக்கு. உங்களுக்குக் காது மெழுகு ஒட்டுற ஜாதி, அதான் தூள் உள்ளேயே தங்கிடுது. காது நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு ஏத்த தேய்மானம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் கினுயோ.

"அவ்வளவுதாம்மா."

"அழுக்கா? வெறும் அழுக்கா?"

ஷிகேஜி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "கத்தாதடி! காது கிழியுது!"

கினுயோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் எதுவும் இல்லை. போன உயிர் திரும்பி வந்தவளுக்கு வெட்கமாவது ஒன்றாவது! இதற்குள் ஷிகேஜி தட்டை எட்டி எடுத்து, ஒரு கட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கினு, இங்க பாரு. இந்த அடுக்கு கேயாகி மரத்தூள். மேல சிவப்பா இருக்கு பாரு, இது செர்ரி."

"கீழ வைய்யி! கருமம்!" என்று அவர் கையில் ஒரு அடி வைத்தாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இது சில மாசத்துல சேர்ந்தது. அதுக்கு முன்னால எப்படி வராம இருந்தது? வீட்டுல யாராவது சுத்தம் பண்ணி விடுவாங்களா?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். பண்ணிவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் விழுகிற பக்கம் கினுயோ காலை மடித்து உட்காருவாள், அவர் வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொள்வார், மூங்கில் காது குடைச்சியை வைத்துப் பதமாக எடுத்துவிடுவாள். எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குள் இது உண்டு, ஆனால் ஒரு டாக்டர் பெண்ணிடம் சொல்லுகிற விஷயமா இது? தாங்கள் தாங்கள் என்று ஆரம்பித்ததிலிருந்து மடியும் கிடையாது, குடைச்சியும் கிடையாது. விருந்தாளிக்கு யாராவது காது குடைந்துவிடுவார்களா?

"கொஞ்ச நாளா விட்டுப்போச்சு" என்றாள் கினுயோ, இல்லாத தூசியைப் பாவாடையிலிருந்து தட்டியபடி.

"ஓரத்தை மட்டும் துடைச்சு விடுங்கம்மா, உள்ளே குச்சி விடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா இங்கே கூட்டிட்டு வந்துடுங்க, நான் பார்த்துக்கறேன்."

திரும்பி வருகிற பேருந்தில் ஷிகேஜிக்கு வாய் ஓயவில்லை. இந்த வண்டி எப்பவுமே இப்படித்தான் கடகடங்குமா என்றார். பின் இருக்கையில் யாரோ காகிதப் பையைப் பிரிக்க, யாரு அது மரம் உடைக்கறது என்று திரும்பிப் பார்த்தார். ஆற்றுச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே கேட்டுக்கொண்டு வந்தார். கினுயோ அவர் பக்கம் சாய்ந்து, "உன்னைப் பார்த்து நான் பயந்துபோயிட்டேன்" என்றாள், தன் சொந்தக் குரலில், ஆனால் மெதுவாக. அவர் தலையாட்டினார். மெதுவாகச் சொன்னதே கேட்டிருக்கிறது என்று அவளுக்குப் பரம சந்தோஷம். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதற்கும் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை அவர். நேரே பட்டறைக்குப் போய், காலையில் பாதியில் நின்ற செர்ரிக் கட்டையின் முன்னால் உட்கார்ந்தார். உளியை எடுத்தார். எந்திரத்தை ஓடவிட்டார். பிறகு நிறுத்திவிட்டார். கினுயோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஆன பிறகும் மறுபடி கிழிந்தால்?

"ஏன் நிறுத்திட்டே?"

"நீ போய் உன் இடத்துல உக்காரு."

"நான் எதுக்கு? தேய்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே இன்னைக்கு."

"எதையாவது தேய்."

"அதென்ன எதையாவது?" கினுயோவுக்குப் பழைய முள் மறுபடி குத்தியது. "யாரு வேணா செய்யற வேலைதானே. யாரையாவது கூப்பிட்டு உக்கார வைச்சுக்கோ."

ஷிகேஜி உளியை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதன் முனையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அவள் பக்கம் பார்க்காமலே பேசினார்.

"நான் கடையறப்ப, பின்னால நீ தாளைத் தேய்க்கற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். காது அடைச்சதும் முதல்ல போனது அதுதான். என் உளி சத்தம்கூட ஓரளவுக்குக் கேட்டுது, குச்சி வைச்சா நல்லாவே தெரிஞ்சுது. உன்னுதுதான் சுத்தமா இல்லை. இருக்கியா, எந்திரிச்சு உங்க ஊருக்குப் போயிட்டியான்னு தெரியாது. சண்டை வேற. அதனால திரும்பிப் பார்ப்பேன். கிழிஞ்சதெல்லாம் நான் திரும்பிப் பார்த்த நேரத்துல கிழிஞ்சதுதான் கினு. எல்லாமே."

சீவல் மூட்டையில் போன அத்தனை கிண்ணங்களும், அத்தனை தடவையும், அவள் இருக்கிறாளா என்று பார்க்க அவர் தலை திரும்பியதால் கிழிந்தவைதான். கினுயோ மூக்கைக் கைத்துண்டில் துடைத்துக்கொண்டு, அடுப்படிக்குப் போய்வந்து தன் மெத்தையில் உட்கார்ந்தாள். அடுப்படியிலிருந்து கொண்டுவந்த பழைய மரக் கிண்ணம் ஒன்றை எந்திரத்தில் மாட்டினாள். நல்லாத்தான் இருந்தது அது, தேய்க்கத் தேவையே இல்லை. விசையைத் தட்டி, தாளை வைத்தாள்.

முதுகுக்குப் பின்னால் அவருடைய எந்திரம் உறும ஆரம்பித்தது. உளி முனகியது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, இன்னும் ஏறியது. அந்தச் சிணுங்கல் வந்தது. கை எடுபட்டது. அவர் வாய்க்குள் ம் என்று சொல்லிக்கொண்டு அடுத்த கட்டையை எடுப்பது கேட்டது.

சாயங்காலம் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கினுயோதான் அவ்வப்போது தாளை நிறுத்தாமலே திரும்பி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டாள்.